டி டிரைவில் ஒரு சிரிப்பு

கல்யாணமான புதிதில் அக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்ன ஒரே புகார், மனுஷன் வாயை மூடுவதே இல்லை என்பதுதான். தூக்கத்தில்கூட யாருக்கோ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார் என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மாமா டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டீயரிங்கின் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நடுங்கும்போது, மாமா பக்கத்து சீட்டில் சாய்ந்தபடி, "அவசரமே இல்ல. கிளட்ச்ச விடுங்க. இன்னும் மெதுவா. முட்டை மேல கால் வச்ச மாதிரி" என்பார். வண்டி நகர்ந்துவிடும். நகர்த்தியது கிளட்ச்சா குரலா என்று கேட்டால், ஸ்கூல் முதலாளியே குரல் என்றுதான் சொல்வார்.

அந்தக் குரல் இப்போது இல்லை. தொண்டையில் வந்த கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான் போய் வருகிறது. அதன்மேல் அக்கா தைத்துக் கொடுத்த மெல்லிய துணி தொங்குகிறது. சொல்ல வேண்டியதை மாமா ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதிக் காட்டுகிறார். எழுதும்போதும் வளவளவென்றுதான் எழுதுகிறார். இடம் போதாமல் கடைசி வார்த்தை பலகையின் ஓரத்தில் செங்குத்தாக இறங்கும்.

ஆனால் குரல் முழுக்கப் போய்விடவில்லை என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சியாளர் அம்மா ஒரு வழி சொல்லியிருந்தார். அவர் கொடுக்கும் வாக்கியங்களை அமைதியான அறையில் படித்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரு புரோகிராம் அந்தப் பதிவுகளைத் துண்டு துண்டாக்கி, எந்த எழுத்துக்கு அந்த மனிதரின் வாய் எப்படி ஒலிக்கிறது என்று கற்றுக்கொள்ளும். பிறகு டேப்லெட்டில் அவர் எதைத் தட்டினாலும் அதை அவர் குரலிலேயே பேசும். மாமா இதுவரை சொல்லாத வாக்கியத்தைக்கூட மாமாவாகவே சொல்லும். இதைக் கேட்டபோது தம்பிக்குப் புல்லரித்தது. அன்று சாப்பாட்டு மேஜையில் தட்டு காயும்வரை அதை எல்லோருக்கும் விளக்கினான்.

மாமா ஆபரேஷன் தேதிவரை தினமும் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஜன்னலில் தலையணைகளை அடுக்கி, ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பேசினார். கொடுத்த வாக்கியங்கள் முடிந்ததும், அடிக்கடி சொல்லும் சொந்தப் பேச்சையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மா சொன்னார். அதையும் பதிவு செய்தார். அதில் அக்காவைக் கூப்பிடும் விதம், கொஞ்சல், கெட்ட வார்த்தை எல்லாம் இருந்ததால் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று, வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் மொத்தமாக அந்த அம்மாவிடம் கொடுக்கும்வரை பூட்டிவைத்தார். டிரைவிங் ஸ்கூலில் லைசென்ஸ் பயிற்சிக்கான கேள்வித்தாள்களை அப்படித்தான் பூட்டுவார்கள். ஃபைலின்மேல் வலது கிளிக், ஒரு கட்டத்தில் டிக், முடிந்தது. அவர் திறந்தால் திறக்கும், வேறு யார் திறந்தாலும் திறக்காது. அந்த வசதி வேண்டும் என்பதற்காகவே ஸ்கூல் முதலாளி மாமாவின் லேப்டாப்பில் விண்டோஸின் ப்ரோ எடிஷனைப் போட்டுக் கொடுத்திருந்தார். கடையிலிருந்து வந்தபோது அதில் இருந்தது ஹோம் எடிஷன்.

மாமா ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில்தான் லேப்டாப் படுத்தது. ஏதோ அப்டேட் பாதியில் நின்று, திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைக் கையோடு எடுத்துப் போயிருந்த அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். ஒரு வணிகக் கட்டடத்தின் மாடிப்படித் திருப்பத்தில் அவன் கடை, இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டும். பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில், குடிதண்ணீர் மெஷினுக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகி, மடியில் வைத்தே ஓ.எஸ்.ஸை, அதாவது விண்டோஸை, புதிதாகப் போட்டான். டாக்டர் எப்போது கூப்பிடுவாரோ என்ற பதற்றத்தில் எதையும் அழிக்கவில்லை, ஃபார்மேட் செய்யவில்லை. வந்த கேள்விக்கெல்லாம் 'அடுத்தது, அடுத்தது' என்று தட்டி முடித்தான். லேப்டாப்பின் சேமிப்பிடம் சி, டி என்று இரண்டாகப் பிரிந்திருந்தது; ஓ.எஸ். சி டிரைவில், பதிவுகள் டி டிரைவில். அங்கே அவன் கையே வைக்கவில்லை.

மாமா வீடு திரும்பிய மறுநாள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து முதல் ஃபைலைத் திறந்தார்கள். அனுமதி இல்லை என்று வந்தது. அடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு ஃபைலின் மூலையிலும் ஒரு சின்னப் பூட்டுப் படம். அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, தம்பி அவசரமாக இங்கும் அங்கும் கிளிக் செய்தான். பூட்டு சம்பந்தமான கட்டம் மங்கிப்போய், தொட முடியாமல் இருந்தது. பிறகு எடிஷனைப் பார்த்தான். ஹோம் என்று இருந்தது. அவனுக்கு உயிர் வந்தது.

"அட, இவ்வளவுதான் விஷயம். தப்பான எடிஷன் ஏறியிருக்கு. இதுல அந்தப் பூட்டு வசதியே கிடையாது. ப்ரோ போட்டா சரியாப்போயிடும்" என்றான்.

மாமா பலகையில் எழுதினார்: 'என்னைக் கேக்காமலே ஹோம் போட்டுக்கிச்சா?'

தம்பிக்கு இது போதும். விளக்க ஆரம்பித்தான். லேப்டாப்பின் போர்டில் ஒரு சிப் இருக்கிறது. இந்த மெஷின் எந்த எடிஷனோடு விற்கப்பட்டது என்பது தொழிற்சாலையிலேயே அதில் எழுதப்பட்டிருக்கும். இன்ஸ்டால் செய்யும் புரோகிராம் வந்ததும் முதலில் அந்தச் சிப்பைத்தான் எட்டிப் பார்க்கும். வழக்கமாக வரும் ஆளின் தலையைப் பார்த்ததுமே, என்ன வேண்டும் என்று கேட்காமல் பழகியதை எடுத்து வைக்கும் கடைக்காரரைப் போல. நடுவில் நாம் மாறியிருப்போம் என்பது அவருக்குத் தெரியாது. அவரைக் கேட்க வைக்க ஒரு வழி உண்டு: பென்டிரைவில் ஒரு சின்ன எழுத்து ஃபைலை, சில வரிதான், வைத்துவிட்டால் சிப்பைப் பார்க்காமல், எந்த எடிஷன் வேண்டும் என்று நம்மிடமே கேட்கும்.

'மனுஷங்களுக்கும் அப்படி ஒரு ஃபைல் இருக்கா? உங்க அக்காவுக்கு வைக்கணும்' என்று மாமா எழுத, அக்கா கை துடைத்துக்கொண்டிருந்த டவலால் அவர் தோளில் ஒன்று வைத்தாள். அந்த வீட்டில் ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு அது. மாமாவின் கழுத்துத் துணி மட்டும் படபடத்தது.

இன்னொரு வழியும் தம்பிக்குத் தெரியும். ஓ.எஸ்.ஸைத் திரும்பப் போடவே வேண்டாம். ப்ரோவின் லைசென்ஸ் எண்ணைத் தட்டினால், இருக்கிற ஹோமே உட்கார்ந்த இடத்தில் ப்ரோவாக மாறிவிடும். கடைக்கு வருகிறவர்களுக்கு அவன் அதைத்தான் செய்து கொடுப்பான். ஆனால் ஆஸ்பத்திரியில் அவசரமாகப் போட்டது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சி டிரைவில் பழைய குப்பை அப்படியே கிடந்தது. பாதி இடத்தை அதுவே அடைத்திருந்தது. மாமாவின் குரல் இருக்கிற மெஷின். சொந்த மாமாவுக்கு அரைகுறை வேலையா என்று நினைத்தான். சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் கொடுத்து, சுத்தமாக, சலவைக்குப் போய் வந்த சட்டை மாதிரி ப்ரோவை இறக்கினான். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று மாமாவுக்குச் சொன்னான். மாமா, ஓட்டக் கற்கும் ஆளின் காலைப் பார்ப்பதுபோல, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய ஓ.எஸ். எழுந்தது. மாமாவின் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. எடிஷன் ப்ரோ. மங்கியிருந்த கட்டம் இப்போது பளிச்சென்று இருந்தது. டி டிரைவுக்குப் போய் முதல் ஃபைலைத் திறந்தான்.

அனுமதி இல்லை.

தம்பி பதறவில்லை. ஏதோ சின்ன விஷயம் என்றே நினைத்தான். பூட்டின் விவரத்தைத் திறந்து பார்த்தான். ஹோமில் பார்க்க முடியாத விவரம் அது. இந்த ஃபைலை யாரெல்லாம் திறக்கலாம் என்ற இடத்தில் மாமாவின் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு அடையாளம், கைரேகை மாதிரி. அந்தக் கைரேகை உள்ள ஆள் இப்போது இந்த மெஷினில் இல்லை. இப்போது உட்கார்ந்திருப்பவருக்கும் மாமாவின் பெயர்தான். ஆனால் மெஷினைப் பொறுத்தவரை அவர் இன்று மதியம் பிறந்த வேறு ஆள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அடுத்தடுத்து, தடுக்க முடியாமல், எல்லாம் புரிந்துகொண்டே போனது. பூட்டு வேலை செய்யும் விதம் அவனுக்குத் தெரியாததல்ல; எப்போதோ படித்தது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சாவி. அந்தச் சாவிகளைப் பூட்டி வைக்க, ஆளுக்கென்று ஒரு பெரிய சாவி. பெரிய சாவி ஃபைலோடு இருக்காது. அது அந்த ஆளின் சொந்த ஃபோல்டருக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், அவருடைய பாஸ்வேர்டால் மூடப்பட்டு இருக்கும். அந்த ஃபோல்டர் இருப்பது டி டிரைவில் அல்ல, சி டிரைவில்.

ஆஸ்பத்திரியில் அவன் அவசரமாக ஃபார்மேட் செய்யாமல் போட்டான் அல்லவா. அப்படிப் போடும்போது இன்ஸ்டால் புரோகிராம் பழையதை அழிக்காது. பழைய ஓ.எஸ்.ஸையும், அதில் இருந்தவர்களின் ஃபோல்டர்களையும் வாரி, 'பழையது' என்று ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வைக்கும். சி டிரைவில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது அதுதான். குப்பை என்று அவன் நினைத்த அதற்குள் மாமாவின் பெரிய சாவி, பாஸ்வேர்டுக்காகக் காத்துக்கொண்டு, பத்திரமாக இருந்தது. பாஸ்வேர்டு மாமாவுக்கு மனப்பாடம். அரைகுறையாகச் செய்த வேலை சாவியைக் காப்பாற்றி வைத்திருந்தது. சுத்தமாகச் செய்த வேலை அதைத் துடைத்துவிட்டது.

மாமா பலகையை விரலால் தட்டினார். 'என்ன?'

"ஒண்ணுமில்ல மாமா. கொஞ்சம் பாத்துடறேன்."

அழிந்ததை மீட்கும் புரோகிராமை ஓட விட்டான். பழைய காலத்துச் சுழலும் டிஸ்க்காக இருந்தால் நம்பிக்கை இருந்திருக்கும். அதில் ஃபார்மேட் செய்தாலும் பெயர்ப்பலகையைத்தான் கழற்றுவார்கள், வீடு அப்படியே நிற்கும். இது சுழலாத, சிப்பால் ஆன டிரைவ். ஃபார்மேட் என்று சொன்னதும், எந்தெந்த இடம் இனி வேண்டாம் என்று ஓ.எஸ். டிரைவிடம் சொல்லிவிடும், டிரைவ் சும்மா இருக்கும் நேரம் பார்த்து, மறுபடி எழுத வசதியாக அந்த இடங்களைத் தானே காலி செய்துவிடும். வேகமாக இயங்குவதற்காக யாரோ ரொம்ப அழகாக யோசித்துச் செய்த ஏற்பாடு. கடைக்கு வருகிறவர்களிடம் அவன் அதை எத்தனையோ முறை புகழ்ந்திருக்கிறான். புரோகிராம் ஓடி முடித்து, கண்டுபிடித்ததைக் காட்டியது. வெறும் பூஜ்யங்கள்.

மாமா பலகையைத் துடைத்துவிட்டு எழுதி, அவன் முன்னால் நகர்த்தினார்.

'எப்பவும் விளக்குவியே. விளக்கு.'

அந்த அப்டேட் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. மாமா நம்புவார், அக்காவும் நம்புவாள். இந்த வீட்டில் கம்ப்யூட்டர் பற்றி அவன் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் மாமா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டு, எதை மிதித்தோம் என்று தெரிந்தும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களை அவர் நிறையப் பார்த்தவர்.

"சாவி இன்னைக்கு மதியம் வரைக்கும் இதுக்குள்ளதான் இருந்துச்சு மாமா. நான்தான் அழிச்சேன்" என்றான்.

பிறகு விளக்கினான். பெட்டி டி டிரைவில், சாவிக்கொத்து சி டிரைவின் சுவரில். பெட்டியை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு, சாவி மாட்டியிருந்த சுவரை இடித்துவிட்டேன். எடிஷன் மாற்ற இடித்திருக்கவே வேண்டாம். எண்ணைத் தட்டியிருந்தால் போதும். எதையும் விடாமல், வரிசையாகச் சொன்னான். வாழ்க்கையில் அவன் இவ்வளவு தெளிவாக எதையும் விளக்கியதில்லை. நடுவில் மாமா ஒருமுறைகூட மார்க்கரை எடுக்கவில்லை.

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அதனால என்னடா. இவரை இன்னொரு தடவை உக்காந்து பேசச் சொல்லி…" என்று ஆரம்பித்தவள், பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

தம்பிக்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. முதல்முறை ஃபைலைப் பூட்டும்போது ஓ.எஸ். சும்மா இருக்காது, திரையின் ஓரத்தில் ஒரு செய்தி எட்டிப் பார்க்கும். சாவியைத் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும். எடுத்திருந்தால் அது ஏதாவது பென்டிரைவில் இருக்கும்.

"மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பூட்டின அன்னைக்கு ஓரத்துல ஒரு செய்தி வந்துச்சா? சாவிய எடுத்து வைக்கச் சொல்லி?"

மாமா யோசிக்கவில்லை. உடனே எழுதினார். 'வந்தது. மூடிட்டேன்.'

துடைத்தார். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். 'தெரியாதது எது வந்தாலும் தொடாம மூடிடுங்கன்னு நீதானே சொல்லிக் குடுத்த.'

அவர் குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் கீழே இருந்த இடத்தில் பொடி எழுத்தில் சேர்த்தார்: 'நல்ல ஸ்டூடண்ட் நான்.'

அக்கா பயிற்சியாளர் அம்மாவுக்குப் போன் செய்தாள். வேறு எதிலாவது அவர் குரல் இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார். தேடினார்கள். கல்யாண வீடியோவில் பேச்சுக்கு மேல் பாட்டைப் போட்டிருந்தார்கள். மற்ற வீடியோக்களில் கேமராவைப் பிடித்திருந்தது மாமா. எல்லோரையும் சிரிக்கச் சொல்லும் இரண்டு வார்த்தை, அதுவும் காற்றிரைச்சலில். குரல் செய்தி அனுப்பும் பழக்கம் அவருக்குக் கிடையாது. நேராகக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுவார். அக்காவின் போனில் ஒன்று கிடைத்தது: "வாசல்லதான் நிக்கிறேன், கதவத் தெற." பின்னால் லாரி ஹாரன். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற ஆளை யார் பதிவு செய்து வைப்பார்கள். இது போதாது என்று அந்த அம்மா ரொம்ப வருத்தமாகச் சொன்னார். டேப்லெட்டில் ஏற்கெனவே இருக்கும் குரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

தம்பி அதைத் திறந்து கொடுத்தான். ஆண் ஒன்று, ஆண் இரண்டு. மாமா எதையோ தட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். "முட்டை மேல கால் வச்ச மாதிரி" என்றது டேப்லெட், வங்கியில் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதுபோல. மாமா ஒலியைக் குறைத்து, ஒன்றுமில்லாமல் ஆக்கி, டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

லேப்டாப்பில் டி டிரைவ் இன்னும் திறந்தே இருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். இந்தப் பூட்டு உள்ளே இருப்பதைத்தான் மறைக்கும், பெயரை மறைக்காது என்று தம்பி மெதுவாகச் சொன்னான். அவள் ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பயிற்சியாளர் கொடுத்த வாக்கியங்களுக்கு வெறும் எண்கள். அதற்குக் கீழே மாமா தன் சொந்தப் பேச்சுக்குத் தானே வைத்த பெயர்கள். கிளட்ச் பாடம். ராங் சைடில் வருகிறவனைத் திட்ட. அவளைக் கூப்பிட. அவளைக் கூப்பிட, கோபமாக இருக்கும்போது. அவளைக் கூப்பிட, அவள் கோபமாக இருக்கும்போது. சிரிப்பு.

"சிரிப்பக்கூடப் பதிஞ்சீங்களா. தனியா உக்காந்துக்கிட்டு எப்படிச் சிரிச்சீங்க" என்று அக்கா கேட்டாள்.

மாமா தலையை ஆட்டி, தம்பியைக் கை காட்டினார். 'இவன் கார் ஓட்டக் கத்துக்கிட்டதை நெனச்சேன்' என்று எழுதினார்.

அக்கா அந்தப் பெயரின்மேலேயே விரலை வைத்திருந்தாள். பக்கத்தில் இருக்கும் எண் என்ன என்று கேட்டாள். ஃபைலின் அளவு என்றான் தம்பி. பிறகு, கேட்காமலே, வழக்கம் விடாமல் சொன்னான்: மாமா எதையும் சுருக்காமல் பதிவு செய்திருக்கிறார். அப்படிப் பதிந்தால், சத்தமாக இருந்தாலும் மௌனமாக இருந்தாலும், ஒவ்வொரு நொடியும் ஒரே அளவு இடத்தைத்தான் எடுக்கும். அதனால் அளவை வைத்தே எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். எப்படிச் சிரித்தார் என்பதுதான் இனி யாருக்கும் தெரியாது. எவ்வளவு நேரம் சிரித்தார் என்பது தெரியும்.

"எவ்வளவு நேரம்?"

போனில் கணக்குப் போட்டான். "அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி அக்கா."

மாமா பலகையில் எழுதினார்: 'அழிச்சிடு. சும்மா இடத்த அடைக்குது.'

தம்பியின் கை மவுஸுக்குப் போகவில்லை. இனி அந்தக் கைக்கு எதையும் அழிக்கும் துணிச்சல் வரும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அக்கா பலகையை வாங்கித் தன் உள்ளங்கையாலேயே துடைத்து மேஜையில் வைத்தாள். பிறகு எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நொடி முள் மேலே வரும்வரை காத்திருந்தாள். வந்ததும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முள் ஒவ்வொரு கோடாகத் தாண்டி இறங்கியது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. முள் அடிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தம்பி, "அவ்வளவுதான் அக்கா, சிரிப்பு முடிஞ்சிருச்சு" என்றான்.

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. முள் அடியைத் தாண்டி மறுபக்கம் ஏற ஆரம்பித்தது.